கொக்கு முத்திரை வண்டி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உன் அத்தானின் ஷெட்டைத் திறந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. அவர் போனபின் அந்தப் பூட்டில் நான் கை வைத்ததே இல்லை. சாவி சுற்ற மறுத்து அடம்பிடித்தது. எண்ணெய் விட்டு, கெஞ்சி, கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதும் திறந்துகொண்டது.

நான் சுகமாகவே இருக்கிறேன். உன் இடுப்பு வலி எப்படி? உன் பெண்டாட்டி, அந்த வாயாடி, இருந்தவரை உன் வீட்டுச் செய்தி முழுவதும் அவள் கடிதத்தில் எனக்கு வந்துவிடும். உப்பு தீர்ந்ததுகூட எழுதுவாள். அவள் போன பிறகு நீ எழுதும் நாலு வரியில் நான் எதைத் தெரிந்துகொள்வது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெண்டாட்டி இல்லாத வீட்டில் விளக்கையாவது ஏற்றுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு ஓனர் ஷெட்டைக் காலி செய்யச் சொல்கிறார். "சார் இருந்தவரைக்கும் நான் வாயே திறக்கலம்மா. இனிமே இத்தனை சைக்கிளையும் யாரு ஓட்டப்போறா? பையனுக்குக் கார் நிறுத்த இடம் வேணும்" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

உள்ளே வண்டிகள் கூரைக் கொக்கிகளில் முன்சக்கரம் மேலே இருக்கும்படி வரிசையாகத் தொங்குகின்றன. கறிக்கடைக்குள் நுழைந்தது போல இருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை இரும்புக்குப் போடுவது என்று எனக்குத் தெரியாது. உன் அத்தானிடம் தொழில் கற்றவன் நீ. வகை சொல்லி எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், அப்படியே நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. சாப்பிடுகிறேன். விளக்கைப் பற்றிக் கேட்காதே.

பழைய வண்டி எல்லாமே பொக்கிஷம் என்று நினைப்பவன்தான் என் கடைக்கு வரும் முதல் ஏமாளி. ராடு பிரேக் வைத்த கறுப்பு வண்டி ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அதை இரும்புக்காரரிடம் தள்ளு. புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருப்பவற்றைத் திரும்பியும் பார்க்காதே. வெளிறிப்போன பழைய பெயின்ட் இருந்தால் அதை ஈரத்துணியால்கூடத் துடைக்காதே. உனக்குத் துடைக்கும் வியாதி உண்டு, அதனால் சொல்கிறேன். பெண்கள் ஓட்டும் வளைந்த ஃபிரேம் கிடைத்தால் வை. வளைந்த ஹேண்டிலைப் பொருத்திக்கொண்டு ரேஸ் வண்டி என்று பொய் சொல்லித் திரிபவை இரண்டு மூன்று இருக்கும். ஒன்றுகூடப் பாக்கி இல்லாமல் வெளியேற்று.

எல்லாவற்றுக்கும் மேலே எண். நல்ல கம்பெனிக்காரன் ஃபிரேமில் அடித்த எண்ணையே முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், ஹேண்டில், சக்கர நடுவில் இருக்கும் ஹப் என்று முக்கிய உறுப்புகள் எல்லாவற்றிலும் அடித்திருப்பான். எண் ஒத்துப்போனால் அது வண்டி. ஒத்துப்போகாவிட்டால் வெறும் இரும்புக் கதம்பம்.

தேடும்போது கொக்குத் தலை போட்ட பித்தளை முத்திரை எதுவும் கண்ணில் பட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. என்னைத் தவிர எல்லாருக்கும் சளி. நான் போகும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அதிகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று கரும்பலகை தெரியாமல் போய்விட்டது.

இரும்புக்காரர் வந்தார். ஒவ்வொரு வண்டியையும் தூக்கிப் பார்த்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் போல உதட்டைப் பிதுக்கினார். "ஐயா தங்கமான மனுஷன்மா. ஆனா இதெல்லாம் தகரம்." பாதி ஷெட் காலியாயிற்று.

நீ சும்மா கேட்டது கிடைத்தது. பச்சை ஃபிரேம் ஒன்று, அதன் கழுத்தில் கொக்கு. ஆனால் ஃபோர்க் வேறு கம்பெனி, ஹேண்டில் வேறு. கதம்பம் என்று இரும்புக்காரரிடம் தள்ளத்தான் இருந்தேன். கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய லென்ஸை வைத்து அடியில் இருந்த எண்ணைப் படித்தேன். 4417. பிறகு கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் தொங்கிய கறுப்பு வண்டியின் ஹேண்டிலைப் பார்த்தால் அதில் 4417. மூலையில் கிடந்த பால்காரர் வண்டியின் ஃபோர்க்கிலும் அதே எண். ஒரே வண்டியைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் வேறு வேறு வண்டிகளில் மாட்டி வைத்திருக்கிறார் உன் அத்தான்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா இறந்ததும் நீ எங்களோடு வந்து தங்கினாயே, அப்போது நீ ஓட்டிக்கொண்டிருந்த பச்சை வண்டிதானே இது? நீ காரணமே இல்லாமல் இளைத்துப் படுத்தபோது அதை விற்றுவிட்டதாக அவர் உன்னிடம் சொன்னார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். முழு வண்டியைப் பிரிப்பது அவருக்குக் கைக்குழந்தையைக் கிள்ளுவது போல. பிறகு ஏன் இதைச் செய்தார்?

பதில் எழுது. வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

ஒன்றையும் விற்காதே. இரும்புக்காரரிடம் போனதில் ஏதாவது இருக்கிறதா என்று இன்றே போய்ப் பார். ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில், பெடல் மாட்டும் க்ராங்க், இரண்டு ஹப், சீட்டைப் பிடிக்கும் கிளிப். இவை எல்லாவற்றிலும் எண் இருக்கும். தோல் சீட்டில் மட்டும் எண் இருக்காது. அடியில் கொக்கு இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் தெரு மெக்கானிக்கிடம் மாட்டச் சொல். பெயின்ட் வேண்டாம், பாலிஷ் வேண்டாம். மாட்டியதும் சாக்குத் துணி சுற்றி லாரியில் எனக்கு அனுப்பு.

முழுசாக இருக்கும் கொக்கு வண்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சேகரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அதுதான்.

நீ ஓட்டிப் பார்க்காதே. பழைய பிரேக்.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ கேட்காததால் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் கடிதத்தில் என் சுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

எல்லா உறுப்பும் கிடைத்துவிட்டது. பின் ஹப் மட்டும் இரும்புக்காரரின் குவியலில் இருந்தது. தெரு மெக்கானிக் வாசலில் உட்கார்ந்து மாட்டினார். உனக்கு அவரைத் தெரியாது. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனிதர். ஆனால் வேலை முடியும் நேரத்தில் வாயடைத்துப்போனார். பிறகு மெதுவாக, "அக்கா, நான் டைட் பண்ணவே இல்ல. நட்டை போல்ட்டு முனையில வெச்சேன், அதுவாப் போய் உட்காந்துக்குது. இத்தனை வருஷமா கழட்டிப் போட்ட சாமான் மாதிரி இல்லையே" என்றார். கூலி வாங்காமல் கிளம்பினார். மறுநாள் என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்விட்டார்.

வண்டியை முன்னறையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறேன். ஹேண்டிலை நேராக வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். காலையில் அது வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. தரை சமமில்லையோ என்னவோ. அட்டையை மடித்து அடியில் வைத்தேன். அப்போதும் அப்படித்தான்.

லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒன்று சொல். அவர் ஏன் இதைப் பிரித்தார்? உனக்குத் தெரியும். நீ சும்மா கேட்பதாகச் சொன்ன அன்றே எனக்குப் பட்டது, நீ சும்மா கேட்கவில்லை என்று.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

போன வாரம் பஸ் ஓடவில்லை. அதனால் வேலைக்குப் பச்சை வண்டியில் போனேன். கோபித்துக்கொள்ளாதே, பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. தோல் சீட் பலகை போல இருக்கும் என்று பயந்தேன். எனக்கென்றே அழுத்தி வைத்தது போல இருந்தது.

வழியில் ஒரு தெரு. இந்த ஊரில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், பார்த்ததில்லை. கடைக்குப் போகத் தாமதமாகிவிட்டது. "மேடம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் வேலைக்கு வர்ற பழக்கமா?" என்று மேனேஜர் கிண்டல் செய்தார். ஐந்து நிமிஷம்தான் சுற்றினேன் என்று நினைத்திருந்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இனி அதில் ஏறாதே. நீ நலமா என்று கேட்கத் தகுதியில்லாதவனாகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா இறந்த வருஷம் நான் அதை வாங்கி வந்த புதிதில், ஹேண்டிலை லேசாகப் பிடித்தால் அது ஒரு பக்கமாக இழுக்கும். விட்டுப் பார்த்தேன். நீ பார்த்த தெருவுக்குத்தான் கொண்டுபோயிற்று. இரண்டு பக்கமும் கதவு திறந்த வீடுகள். வாசலில் ஒரு செருப்பு இருக்காது. பெல் அடித்தால் சத்தம் வராது. ஒரு வீட்டுக்குள்ளே அம்மா தையல் மேசைமுன் நின்று துணி வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. கூப்பிட்டேன். கேட்டது போல வெட்டுவதை நிறுத்தினார். திரும்பவில்லை.

தினமும் போனேன். தினமும் கொஞ்சம் திரும்பியிருப்பார். முதலில் காது. பிறகு கன்னத்தின் ஓரம். ஒருமுறை போய்வந்தால் உடம்பில் ஏதோ ஒரு பிடி குறைந்திருக்கும். நான் இளைத்தது அதனால்தான். அத்தான் ஒருநாள் என் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டார். தெரு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரு முனையில் நான் இல்லாமல் போனதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் உட்காரவைத்துக் கேட்டார். சொன்னேன். "அவங்க முழுசா திரும்பிட்டா நீ வரமாட்டேடா" என்றார். மறுநாள் வண்டி இல்லை.

அதை எனக்கு அனுப்பச் சொன்னது சேகரிக்க இல்லை. வாயாடி போன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை அக்கா. திரும்பி வராவிட்டால்தான் என்ன என்று நினைத்தேன். நீ ஏறுவாய் என்று நினைக்கவில்லை.

நீ யாரைப் பார்த்தாய்?

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, வெயில் காலம் அல்லவா.

நீ எழுதியதைப் படித்தேன். துக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும். அதை விடு. நான் யாரையும் பார்க்கவில்லை. வண்டி மூலையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. லாரிக்காரர்கள் இந்த மாதம் அந்தப் பக்கம் வருவதில்லையாம். மழைக்குப் பிறகு அனுப்பலாம். அவசரம் என்ன?

ஓனர் ஷெட்டை இடித்துவிட்டார். இப்போதும் காலையில் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. உன் அத்தான் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கோட்டம் எடுக்கும் சத்தம். எவ்வளவு பொறுமை அவருக்கு. சட்டையின் பின்கழுத்து இப்போதும் வேர்வையில் நனைந்துதான் இருக்கிறது.

வெளியில் சாப்பிடாதே.

அக்கா


மே 14

அக்கா,

இப்போதும் நனைந்துதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எழுதியதைத் திருப்பிப் படித்தாயா?

கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டேன். மேனேஜர், "அவங்க வேலைக்கு வந்து பல நாள் ஆச்சு சார். போன தடவை வந்தப்ப அவங்க போட்டிருந்த கண்ணாடியே மூக்குல நிக்கல. உடம்பு சரியில்லையா?" என்று என்னையே கேட்கிறார்.

எவ்வளவு திரும்பியிருக்கிறார்? காதா, கன்னமா? அதையாவது உண்மையாகச் சொல்.

வாயாடியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். இடுப்பு இன்னும் எழவிடவில்லை, அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தத் தடவை நானே என் கையால் பிரிக்கிறேன். அதுவரை வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தம்பி


மே 22

அன்புள்ள தம்பிக்கு,

இது தபால் பெட்டிக்குப் போகாத கடிதம். ஆனாலும் பழக்கம் விடவில்லை, நலமா என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன். நாளைக்குக் காலையில் நீயே வந்து நிற்பாய்.

நேற்றுப் போனேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவில்லை. போன தடவையே கன்னம் தெரிந்திருந்தது, சவரத்தில் அவர் எப்போதும் விட்டுவிடும் இரண்டு முடிகள்கூட. அடுத்த முறை கண் தெரியும் என்று தெரிந்தேதான் போனேன். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த வீட்டில் நான் பேசும் பேச்சுக்கு எல்லாம் சுவர்தான் பதில் சொல்கிறது. அங்கே நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது என்று மட்டும் தெரியும்.

நேற்று அவர் கையை நீட்டினார். வேலை செய்யும்போது தலையைத் திருப்பாமல் வலது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். எந்த ஸ்பேனர் என்று சொல்லமாட்டார். நான் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். எங்களுக்குள் அதுதான் கொஞ்சல். ஸ்பேனர் என் காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுத்தேன். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அதில் வைக்கப்போன கணத்தில் கட்டைவிரலைப் பார்த்தேன். அது உடம்பின் பக்கம் இருந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தது. வலது தோளிலிருந்து இறங்கிய கையின் முனையில் இடது கை.

அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்த ஏதோ ஒன்று, பார்த்ததை அப்படியே செய்து வைத்திருக்கிறது தம்பி. வேர்வை, முடி, பொறுமை எல்லாம் சரியாக இருக்கிறது. நான் அசையாமல் நின்றேன். அந்த விரல்கள் ஒரு முறை மடங்கி விரிந்தன, சீக்கிரம் கொடு என்பது போல. உன் அத்தான் ஒரு நாளும் என்னை அவசரப்படுத்தியதில்லை.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று நினைவில்லை. இன்று காலையில் எழுந்து பார்த்தால் வண்டி வாசல் பக்கம் திரும்பி நிற்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. ஏறவேண்டும் போலத்தான் இருந்தது. அவர் இல்லை என்று தெரிந்தும் அப்படி இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

பிரிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவரும் பிரிக்கத்தான் செய்தார். ஆனால் எண்ணை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. எண் ஒத்துப்போகும் வண்டியைக் கெடுக்க உங்களில் யாருக்கும் கை வராது. பிரித்துப் போட்டதை இன்னொருவர் வந்து சேர்ப்பார். சேர்ப்பதுதானே உங்கள் தொழில். நானே உன் பேச்சைக் கேட்டு, லென்ஸ் வைத்துத் தேடித் தேடிச் சேர்த்தேனே.

அதனால் அரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் ஒவ்வொரு உறுப்பிலும் அந்த எண்ணை இருந்த தடம் தெரியாமல் ராவிவிடப் போகிறேன். கொக்கையும் நசுக்கிவிடுவேன். பிறகு அது எவரும் திரும்பிப் பார்க்காத கதம்பம், இரும்புக்காரரின் தராசுக்குப் போகும். நீ தலையில் அடித்துக்கொள்வாய், வாயாடியைக் கடைசியாகப் பார்க்கும் வழியை அடைத்துவிட்டாய் என்று என்னோடு பேசாமலும் இருப்பாய். இரு.

யாரைப் பார்த்தாய் என்று நீ மறுபடி கேட்பாய். உன் அத்தானைத்தான், நன்றாக இருக்கிறார், நம்மை வரவேண்டாம் என்று கையை ஆட்டினார் என்று சொல்லப்போகிறேன். துணி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை நினைத்துத்தான் நீ அந்த வயதைத் தாண்டி வந்தாய். அன்று கத்தரிக்கோல் அம்மாவின் எந்தக் கையில் இருந்தது என்று நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

அக்கா